பழைய தரவுத்தளத்தை யூனிகோடுக்கு மாற்றப் போகிறீர்களா?

பல மொழிப் பெயர்கள் நிறைந்த பழைய தரவுத்தளம் ஒன்றை உங்கள் தலையில் கட்டி, "யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், ஒரே ஒரு கட்டளைதானே" என்று சொல்லியிருக்கிறார்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். அந்த ஒரே ஒரு கட்டளை உண்மையிலேயே இருக்கிறது. அதை முதல் நாளே கொடுப்பவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் அல்லாடுகிறார்கள். நான் கையேற்ற தரவுத்தளத்தில் எனக்கு முன்பே யாரோ அதைக் கொடுத்திருந்தார்கள். தமிழ், ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் கலந்த பட்டியலில் பாதிப் பெயர்கள் ஒரு விதமாகவும் மீதி வேறு விதமாகவும் சிதைந்திருந்தன. அவற்றைப் பிரித்து மீட்டதில் தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் எழுத்து என்று எதுவும் கிடையாது; இருப்பவை பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையான எண்கள், மட்டும்தான். எந்தக் கோட்பேஜைக் கொண்டு, அதாவது எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் எந்தப் பட்டியலைக் கொண்டு படிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அவை எழுத்தாகின்றன; இந்தப் பட்டியல்களுக்கு எண்ணே பெயர். 224 என்ற ஒரே பைட், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252-இல் தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ. சிரிலிக்குக்கான 1251-இல் ரஷ்ய நெடுங்கணக்கின் முதல் எழுத்து. ஜப்பானியத்துக்கான 932-இல் இரண்டு பைட் எழுத்தொன்றின் முற்பாதி. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பட்டியல்தான் யூனிகோடு, அப்படி எண் பெற்ற ஒவ்வொன்றும் ஒரு குறி; அவற்றைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறையான யூடிஎஃப்-8-இல் அதே 224தான் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் முதல் பைட்.

1. திரையை நம்பாமல் பைட்டைப் பாருங்கள்

கண்ணால் காண்பதும் பொய் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னது போல இருக்கும். திரையில் கேள்விக்குறி தெரிந்தால் தரவு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் கட்டளைச் சாளரம் 437 அல்லது 850 கோட்பேஜில் ஓடிக்கொண்டிருந்தால், உள்ளே பத்திரமாக இருக்கும் தமிழும் அங்கே கேள்விக்குறியாகத்தான் தெரியும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் கணினியில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதற்காகத் தரவைத் தொட வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: சேமிப்பதிலும் தவறு, படிப்பதிலும் அதே தவறு என்றால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். வேறொரு நிரல் அதே தரவைப் படிக்கும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

எனவே ஒரு பதிவை எடுத்து அதன் பைட்டுகளை நேரடியாகப் பாருங்கள். தரவுத்தள மென்பொருளைப் பொறுத்து வழி வேறு. மைஎஸ்கியூஎல்லில் ஹெக்ஸ் என்ற செயற்கூறு போதும். எஸ்கியூஎல் சர்வரில் வார்பைனரியாக மாற்றிப் பார்க்கலாம். ஆரக்கிளில் டம்ப் என்ற செயற்கூறு பத்தடிமான எண்களிலேயே காட்டிவிடும். அதற்கு 1010 என்ற எண்ணையும் கொடுத்தால் குறியாக்கத்தின் (எழுத்தைப் பைட்டாக்கும் முறையின்) பெயரையும் சேர்த்துச் சொல்லும். ஹெக்ஸ் பதினாறடிமானத்தில் காட்டும். இங்கே நான் எல்லாவற்றையும் பத்தடிமானத்திலேயே எழுதுகிறேன்.

பைட்டுகளோடு இரண்டு நீளங்களையும் கேளுங்கள்: எத்தனை குறிகள், எத்தனை பைட்டுகள். "தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட். மைஎஸ்கியூஎல்லில் இந்தச் சொல் இருக்கும் பதிவின் இரண்டு நீளங்களையும் கேட்டால், வரும் விடையே நோயைச் சொல்லிவிடும்.

5 குறி, 15 பைட் என்றால் தரவு சரியாக இருக்கிறது. கோளாறு இணைப்பிலோ திரையிலோதான்.

15 குறி, 15 பைட் என்றால் லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று பெயர்ப்பலகை மாட்டிய நெடுவரிசைக்குள் யூடிஎஃப்-8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. பைட்டுகள் சரி, பலகைதான் தவறு.

15 குறி, 30 பைட் என்றால் இரட்டைக் குறியாக்கம். யூடிஎஃப்-8 பைட்டுகளை 1252 என்று நினைத்துப் படித்து, அந்தக் குப்பையை மறுபடியும் யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். இதை எப்போதும் இருமடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். "க" என்ற ஒற்றை எழுத்தின் பைட்டுகள் 224, 174, 149. இவற்றை 1252-இல் படித்தால் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு கரும்புள்ளி. அந்த மூன்றையும் மீண்டும் யூடிஎஃப்-8 ஆக்கினால் 195, 160, 194, 174, 226, 128, 162 என்று ஏழு பைட் வரும்.

5 குறி, 5 பைட், ஐந்துமே 63 என்றால் அவை உண்மையான கேள்விக்குறிகள். இவற்றிலிருந்து எதையும் மீட்க முடியாது. 239, 191, 189 என்ற மூன்று பைட்டும் அப்படியே: கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும் மாற்றுக்குறி அது. மூலத்தை யாரோ ஏற்கெனவே தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று பொருள்.

5 குறி, 5 பைட், ஆனால் 106, 107, 112, 111, 59 என்றால்? அது பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ். கணினியைப் பொறுத்தவரை நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் அங்கே இருக்கின்றன. எந்தக் குறியாக்க மாற்றமும் இதைத் தொடாது, தவறு என்றும் சொல்லாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் தனியாக ஓட்டியே ஆக வேண்டும். அதே நெடுவரிசையில் உண்மையான ஆங்கிலப் பெயர்களும் கலந்திருந்தால் யாராவது உட்கார்ந்து கண்ணால் பிரிக்க வேண்டும். கால அட்டவணையில் இதற்கு இடம் விடுங்கள். முழு வேலையிலும் மனித உழைப்பை அதிகம் தின்பது இதுவே.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

முதலாவது, இருப்புப் பட்டியல். ஒவ்வொரு அட்டவணை, ஒவ்வொரு எழுத்து நெடுவரிசைக்கும் அறிவிக்கப்பட்ட குறியாக்கம், அகரவரிசை விதி, நீளம், அந்த நீளம் பைட்டிலா குறியிலா, எந்த இன்டெக்ஸில் (விரைவாகத் தேட உதவும் அடைவு) இருக்கிறது, வெளிச்சாவி (வேறோர் அட்டவணையோடு இணைக்கும் நெடுவரிசை) உண்டா என்று எழுதுங்கள். தரவுத்தளம் தன் அமைப்பைத் தானே குறித்து வைத்திருக்கும் அட்டவணைகளிலிருந்தே (பலவற்றில் இதன் பெயர் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா) இதில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். கடைசி நெடுவரிசையாக "உண்மையில் உள்ளே இருப்பது" என்று ஒன்றைச் சேருங்கள். முதல் படியில் கண்டதை அங்கே எழுத வேண்டும். அறிவிப்பும் உண்மையும் வேறுபடும் இடங்களே உங்கள் வேலை.

இரண்டாவது, வாசல் பட்டியல். இந்தத் தரவுத்தளத்துக்குள் எழுத்து எந்தெந்த வழியாக வருகிறது, போகிறது? வலைப்படிவம், கைபேசிச் செயலி, இரவில் ஓடும் இறக்குமதி, எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு), அறிக்கை அச்சிடும் நிரல், பக்கத்துத் துறையின் பழைய நிரல். அந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள். யூனிகோடே தெரியாத நிரல் ஒன்று அந்தப் பக்கம் இருந்தால், நீங்கள் மாற்றி முடித்த மறுநாளே அது கேள்விக்குறிகளை உள்ளே தள்ளத் தொடங்கும்.

மூன்றாவது, சோதனைப் பதிவுகள். ஒரு மொழிக்கு ஒன்றாவது வேண்டும். தமிழில் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ நான்கும் வரும் சொற்களாகப் பார்த்துப் போடுங்கள்; காரணம் ஐந்தாம் படியில் வருகிறது. ஜெர்மன் உம்லாட் (மேலே இரட்டைப் புள்ளி வைத்த எழுத்து) ஒன்று, யூரோக் குறி, வளைந்த மேற்கோள்குறி, ஓர் இமோஜி, வலமிருந்து எழுதும் அரபி வரி ஒன்று, கொஞ்சம் காஞ்சி (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து).

நான்காவது, காப்புநகல். எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு சர்வரில் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். காப்புநகல் எடுக்கும் கருவிக்கும் ஒரு குறியாக்க அமைப்பு உண்டு என்பதால், அதுவே தரவைச் சிதைத்துக் கோப்பில் எழுதியிருக்கலாம்.

3. உங்கள் தரவுத்தளம் எந்த மென்பொருளில் ஓடுகிறது?

மைஎஸ்கியூஎல்: "யூடிஎஃப்8" என்ற பெயரை நம்பி ஏமாறாதோர் குறைவு. அங்கே அந்தப் பெயர் மூன்று பைட் வரை மட்டும் கொள்ளும் குறைவடிவத்தைக் குறிக்கும். இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது "யூடிஎஃப்8எம்பி4", 5.5.3 பதிப்பிலிருந்து அது உண்டு, 8.0 முதல் அதுவே இயல்புநிலை. கண்டிப்பு நிலை அணைந்திருக்கும் பழைய சர்வரில் இமோஜி வந்தால் பிழை வராது. இமோஜியிலிருந்து வாக்கியத்தின் மிச்சம் முழுவதையும் வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அங்கே "லத்தீன்1" என்று சொல்வதும் உண்மையில் 1252தான்.

போஸ்ட்கிரஸ்: குறியாக்கத்தைத் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. டெம்ப்ளேட்0 என்ற உள்ளமைந்த வார்ப்பிலிருந்து புதிதாக ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். நல்ல செய்தி, யூடிஎஃப்-8 தரவுத்தளம் செல்லாத பைட்டுகளை வாசலிலேயே மறுத்துவிடும். கெட்ட செய்தி, "எஸ்கியூஎல்-ஆஸ்கி" என்ற அமைப்பு எதையுமே சோதிக்காது. அந்தப் பெயரைப் பார்த்து, உள்ளே ஆங்கிலம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கும்.

எஸ்கியூஎல் சர்வர்: வார்சார் (சாதாரண எழுத்து வகை) நெடுவரிசையின் கோட்பேஜ் அதன் அகரவரிசை விதியிலிருந்து வருகிறது. தமிழுக்கென்று அப்படியொரு கோட்பேஜ் இல்லாததால், சாதாரண வார்சாரில் தமிழைப் போட்டால் போட்ட நொடியே கேள்விக்குறி. யூனிகோடைக் கொள்ளும் என்வார்சார் வகை வேண்டும். அது மட்டும் போதாது: கட்டளையில் நேரடியாக எழுதும் சொல்லின் மேற்கோள்குறிக்கு முன்னால் ஆங்கில "என்" எழுத்தைப் போட வேண்டும். விட்டுவிட்டால் என்வார்சார் நெடுவரிசைக்குள்ளும் கேள்விக்குறியே போய்ச் சேரும். 2019 பதிப்பிலிருந்து வார்சாரிலேயே யூடிஎஃப்-8 வைக்கும் விதிகள் வந்துவிட்டன. அங்கே நீளம் பைட்டில் எண்ணப்படும்.

ஆரக்கிள்: "யூடிஎஃப்8" என்ற பெயர் இங்கேயும் ஒரு பழைய வடிவம்தான். "ஏஎல்32யூடிஎஃப்8" என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்எல்எஸ்-லாங் என்ற அமைப்பு உங்கள் கணினி எந்தக் குறியாக்கத்தில் அனுப்புகிறது என்பதைச் சொல்வதற்கானது. "தரவுத்தளத்தில் எதுவோ அதையே இங்கும் போடு" என்ற அறிவுரை ஊரெல்லாம் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றானால் ஆரக்கிள் மாற்றவும் செய்யாது, பைட்டுகளைச் சோதிக்கவும் செய்யாது. 1252 பைட்டுகள் அப்படியே யூடிஎஃப்-8 தரவுத்தளத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

4. இடமும் நீளமும்: செலவுக் கணக்கு

மாற்றியபின் எவ்வளவு வட்டு வேண்டும் என்று மேலிடம் கட்டாயம் கேட்கும். ஆங்கிலமும் எண்களும் யூடிஎஃப்-8-இல் ஒரு பைட்டாகவே இருக்கும். 1251-இல் ஒரு பைட்டாக இருந்த ரஷ்ய எழுத்து இரண்டு பைட். 932-இல் இரண்டு பைட்டாக இருந்த காஞ்சி பெரும்பாலும் மூன்று. தமிழ் எப்போதும் மூன்று. என்வார்சார் போன்ற யூடிஎஃப்-16 (இரண்டிரண்டு பைட்டாக எழுதும் முறை) இடங்களில் இந்த நான்கு வகை எழுத்துக்கும் இரண்டு பைட்டே. அங்கே ஆங்கிலம் இரு மடங்காகும். முழுத் தரவுத்தளமும் மும்மடங்காகிவிடாது, ஏனென்றால் தேதிகளும் எண்களும் அசையாமல் இருக்கும். உண்மையான செலவு இடைக்காலத்தில்தான்: அட்டவணையைத் திரும்பக் கட்டும்போது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் வட்டில் இருக்கும். உங்கள் மிகப் பெரிய அட்டவணையும் அதன் இன்டெக்ஸுகளும் பிடிக்கும் இடத்தைப் போல இன்னொரு மடங்காவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீள வரம்பு இதைவிடக் கூர்மையான பொறி. ஆரக்கிளில் எதுவும் சொல்லாமல் 20 என்று அறிவித்த நெடுவரிசை இயல்பாக 20 பைட் கொள்ளும். தமிழில் அது ஆறு குறிதான். "கிருஷ்ணன்" என்ற பெயரை எண்ணுங்கள்: க, இகரக் குறி, ர, உகரக் குறி, ஷ, புள்ளி, ண, ன, புள்ளி. ஒன்பது குறி, 27 பைட். உள்ளே போகாது. இப்படிப்பட்ட நெடுவரிசைகளைக் குறி எண்ணிக்கைக்கு மாற்றி அறிவித்துவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் அடி இன்டெக்ஸில் விழும். பழைய வடிவ அட்டவணைகளில் ஒரு நெடுவரிசைக்கான இன்டெக்ஸ் வரம்பு 767 பைட். நான்கு பைட் வீதம் 191 குறி. 255 என்று அறிவித்திருந்தால் கட்டளை பாதியில் நிற்கும். டைனமிக் வடிவத்துக்கு மாற்றினால் வரம்பு 3072 ஆகிவிடும். அதைச் செய்யுங்கள், நெடுவரிசையை 191-க்குச் சுருக்கும் குறுக்குவழிக்குப் போகாதீர்கள்.

5. மாற்றும் வேலை

எப்போதும் நகலின் மீதுதான்.

பைட் சரி, பலகை தவறு என்ற 15-15 வகைக்கு நேரடி மாற்றக் கட்டளை விஷம். மைஎஸ்கியூஎல் உங்கள் பலகையை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் லத்தீன் எழுத்தாக நினைத்து மாற்றும், 15-30 ஆகிவிடும். இரண்டு தாவலில் போங்கள்: முதலில் நெடுவரிசையைப் பைனரி வகைக்கு மாற்றுங்கள், அப்போது பலகை கழன்றுவிடும். பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றுங்கள். பைட்டுகள் அசையாது.

ஏற்கெனவே 15-30 ஆகிவிட்டதற்கு அதே பாதையில் பின்னோக்கிப் போக வேண்டும்: லத்தீனுக்கு மாற்றி, பைனரி ஆக்கி, யூடிஎஃப்-8 என்று படிப்பது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 1252-இல் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. தமிழ்ப் புள்ளியின் கடைசி பைட் 141. உகரக் குறிக்கு 129, ஏ-வுக்கு 143, ஐ-க்கு 144. மைஎஸ்கியூஎல் அந்தக் காலி இடங்களையும் பத்திரமாகக் கடத்திவிடும். ஆனால் சிதைவு கண்டிப்பான வேறொரு நிரலின் வழியாக நடந்திருந்தால் அந்தப் பைட்டுகள் அங்கேயே தொலைந்திருக்கும். அப்போது மெய்யெழுத்துகள் எல்லாம் புள்ளியிழந்து திரும்பும். சோதனைப் பதிவுகளில் இந்த நான்கையும் சேர்க்கச் சொன்னது இதனால்தான்.

ஒரே நெடுவரிசையில் நல்லதும் கெட்டதும் கலந்திருந்தால் முழு அட்டவணைக்கும் ஒரே மருந்து கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பதிவையும் பின்னோக்கி மாற்றிப் பார்த்து, விளைவு செல்லுபடியாகும் யூடிஎஃப்-8 ஆக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். முறையாகச் சேமித்த, உம்லாட் போட்ட ஜெர்மன் சிறிய யூ எழுத்தைப் பின்னோக்கி மாற்றினால் 252 என்ற ஒற்றை பைட் வரும். அந்தப் பைட்டுக்கு யூடிஎஃப்-8-இல் இடமே இல்லை என்பதால் சோதனை தோற்கும், நல்ல பதிவு தப்பிக்கும்.

கோப்புகளை மாற்ற ஐகான்வ் என்ற கருவி போதும், காசில்லை. அதன் "சி" விருப்பத்தை மட்டும் தொடாதீர்கள். மாற்ற முடியாத எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்; பிழைச் செய்தி மறைந்த நிம்மதியில் நீங்கள் தூங்கப் போவீர்கள். எக்செல்லுக்குப் போய் வந்த சிஎஸ்வி என்றால் தொடக்கத்தில் 239, 187, 191 இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூன்று பைட் இல்லாவிட்டால் எக்செல் தமிழைச் சிதைத்துத் திறக்கும். இருந்தால் பல இறக்குமதி நிரல்கள் முதல் நெடுவரிசையின் பெயரோடு அதை ஒட்டிக்கொண்டு "அப்படி ஒரு நெடுவரிசை இல்லை" என்று சாதிக்கும். போகும்போது சேருங்கள், வரும்போது நீக்குங்கள்.

6. இணைப்பு

மைஎஸ்கியூஎல்லில் நிரல் அனுப்புவது, சர்வர் கையாள்வது, விடையாகத் தருவது என்று மூன்று அமைப்புகள். "செட் நேம்ஸ்" கட்டளை மூன்றையும் ஒரே நேரத்தில் அமைக்கும், ஆனால் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும். நிரலின் இணைப்பு அமைப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. போஸ்ட்கிரஸில் இதற்குச் சமமானது கிளையன்ட் என்கோடிங். வாசல் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் இதைச் சரிபாருங்கள்.

7. அகரவரிசையும் இரட்டை வேடமும்

யூனிகோடு எண்வரிசை தமிழ் அகரவரிசை ஆகாது. எண்வரிசையில் ன உடனே ந-வுக்குப் பின்னால் வரும், ற உடனே ர-வுக்குப் பின்னால். பைனரி விதியில் வரிசைப்படுத்தினால் பட்டியலைப் பார்ப்பவர் முகம் சுளிப்பார். போஸ்ட்கிரஸில் ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் விதி கிடைக்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0-இல் 0900 என்று பெயரில் வரும் விதிகளைப் பயன்படுத்துங்கள். பழைய "ஜெனரல்" விதிக்கு எல்லா இமோஜிகளும் ஒன்றே. ஒன்றைத் தேடினால் அத்தனையும் வந்து நிற்கும்.

"கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு எகரக் குறியும் துணைக்காலும். திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது. முதலாவது 6 பைட், இரண்டாவது 9. பைட்டை ஒப்பிடும் விதியில் தனித்துவ இன்டெக்ஸ் இரண்டையும் வேறு வேறு என்று உள்ளே விடும். ஒரே ஆள் இரண்டு பதிவாக இருப்பார். உள்ளே வரும் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது முதலாவது போலச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, மாற்றுங்கள். போஸ்ட்கிரஸ் 13 முதல் இதற்கு நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு. மற்றவற்றில் நிரல் பக்கமே செய்துகொள்ளலாம்.

லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரஸ் என்றால் இன்னொன்று: இயங்குதளத்தின் வரிசை விதியை அது நம்பியிருந்தால், ஜிலிப்சி என்ற லினக்ஸ் அடிப்படை நூலகம் 2.28-ஐத் தாண்டும்போது வரிசை மாறி இன்டெக்ஸுகள் பொய் சொல்லத் தொடங்கும். எழுத்து இன்டெக்ஸுகளைத் திரும்பக் கட்டுங்கள்.

8. நேரத்தைக் குறிப்பது

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். முழு அளவு நகலில் ஒத்திகை பாருங்கள், கடிகாரத்தோடு. ஒத்திகை நேரத்தைப் போல இரு மடங்கைப் பராமரிப்பு நேரமாகக் கேளுங்கள். தோற்றால் திரும்பிப் போகவும் நேரம் வேண்டுமல்லவா. அட்டவணையைத் திரும்பக் கட்டும் நேரம் முழுவதும் அதில் எழுத முடியாது என்று எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் வெளிச்சாவியால் இணைந்த எழுத்து நெடுவரிசைகள் இரண்டு பக்கமும் ஒரே குறியாக்கத்திலும் ஒரே விதியிலும் இருக்க வேண்டும். எனவே இணைந்த அட்டவணைகளை ஒரே இரவில் சேர்த்து மாற்றுங்கள். பாதியில் விட்டால் மறுநாள் காலை அந்த அட்டவணைகளைச் சேர்த்துத் தேடும் கேள்விகள் விதிக்கலப்புப் பிழையோடு நிற்கலாம்.

மாற்றிய கையோடு முதல் படியின் நீளச் சோதனையை எல்லாச் சோதனைப் பதிவுகளுக்கும் ஓட்டுங்கள். பிறகு 63 என்ற பைட் தொடர்ந்து மூன்று வரும் பதிவுகளின் எண்ணிக்கையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் அங்கேயே நிறுத்திப் பழையதற்குத் திரும்புங்கள். முதல் வாரம் அந்த எண்ணிக்கையைத் தினமும் எடுங்கள். மறந்துபோன வாசல் எது என்று அது காட்டிக் கொடுக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் ஓடும் இறக்குமதியோ அறிக்கையோ இருந்தால், அது ஒரு சுற்று ஓடி முடியும்வரை பழைய காப்புநகலை அழிக்க யாரையும் விடாதீர்கள்.